ரெண்டாம் ஆளின் கையெழுத்து

பக்கத்து வீட்டு அண்ணாச்சி தன் வீட்டைப் பூட்டினால் பூட்டை நான் இழுத்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்தபோது ஏறக்குறைய மூன்று வருடம் இதுதான் சட்டம். காலையில் ஆபீசுக்கு நேரமாகி, ஒரு கையில் டிபன் டப்பாவும் ஒரு கையில் சீப்புமாக நான் ஓடிக்கொண்டிருப்பேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்று, "தாயி, ஒரு நிமிசம்" என்பார். போய் அந்தப் பூட்டை ஓர் இழு இழுத்துவிட்டு, "பூட்டியிருக்கு அண்ணாச்சி" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. சொன்ன பிறகுதான் பால் வாங்கக் கிளம்புவார். பால் கடை தெரு முக்கில்தான் இருந்தது. போய்வர ஐந்து நிமிடம் ஆகாது.

மாத்திரையும் அப்படித்தான். நடுச்சுவருக்கு மேலே உள்ளங்கையை நீட்டுவார். "வெள்ள ஒண்ணு, மஞ்ச ஒண்ணு. சரிதானா?" நான் சரி என்றால் வாயில் போட்டுக்கொள்வார். அவருடைய மாத்திரைச் சீட்டை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றும் கையில் இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் நான் சாட்சி.

ஆரம்பத்தில் மறதி நோய் என்றுதான் நினைத்தேன். கப்பலில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போனில் அப்படித்தான் சொன்னேன். பாவம், பார்த்துக்கொள் என்றார் அவரும். ஆனால் மறதியாவது ஒன்றாவது. முப்பது வருடத்துக்கு முன் எந்தக் கப்பலில் மரத்தடி வந்தது, எந்தக் கப்பலில் முந்திரிக்கொட்டை வந்தது, எதில் பூச்சி அதிகம் என்று வரிசையாகச் சொல்லுவார். நான் போன மாதம் வாங்கிய கொத்தமல்லிக் கட்டு என்ன விலை என்பதுகூட அவருக்கு நினைவிருந்தது.

அவர் துறைமுகத்தில் மருந்தடிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கிலும் அங்கிருந்து வருகிற சரக்கிலும் பூச்சி இருக்கக் கூடாது. அதனால் கன்டெய்னருக்குள் விஷவாயுவை விட்டு, ஒரு நாள் முழுக்க மூடிவைத்து, பிறகு திறப்பார்கள். நான் வேலை பார்த்ததோ ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில். மருந்தடித்ததற்கான சர்டிபிகேட் தினமும் என் மேசை வழியாகத்தான் போகும். அதன் அடியில் இருக்கிற கையெழுத்துகளை நான் ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பின் அடித்து ஃபைலில் வைப்பதோடு சரி.

"அங்கன ஒரு சட்டம் உண்டு" என்று ஒரு நாள் சொன்னார். "திறந்த பெட்டிக்குள்ள தனியா போவப்பிடாது. ஒரு ஆளு உள்ள போனா, ரெண்டாம் ஆளு கதவுல நிக்கணும். கேஸ் மீட்டர முத ஆளு பாத்தாலும் ரெண்டாம் ஆளும் பாக்கணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"யாராச்சும் உள்ள விழுந்திருக்காங்களா அண்ணாச்சி?"

"ஒருத்தன் விழுந்தான். நான் கதவுல நின்னேன். அவன் வெளிய வந்தான். அவ்வளவுதான்." அதற்கு மேல் அந்தக் கதையில் அவரிடம் வேறு எதுவும் தேறவில்லை.

முப்பது வருடம் ரெண்டாம் ஆளோடு வாழ்ந்துவிட்டு, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகு அந்த இடத்தில் மனைவியை வைத்திருக்கிறார். பூட்டு, மாத்திரை, கேஸ் சிலிண்டர் எல்லாம் அந்த அம்மாள்தான் பார்த்தாள். பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த நாளில் இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவர் மட்டும் திரும்பி வந்தார். முப்பது வருடம் விஷவாயுவுக்குப் பக்கத்தில் இருந்தும் ஒன்றும் ஆகாத மூக்கு அந்தக் காய்ச்சலில் செத்துப்போனது. காப்பியும் மணக்காது, கழிவுநீரும் நாறாது. "அவளையும் கொண்டுபோச்சு, மூக்கையும் கொண்டுபோச்சு" என்பார், இரண்டையும் ஒரே பையில் வைத்துத் தூக்கிப்போன மாதிரி. ஒரே மகன் குஜராத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்.

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த நான் இப்படியாக ரெண்டாம் ஆள் ஆனேன். யாரும் கேட்டுக்கொண்டு நியமிக்கவில்லை.

அவர் வீட்டுப் பின்பக்கம் ஓர் அகத்தி மரம் நின்றது. அதில் ஒரு வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. அந்த அம்மாளுக்குப் பிறந்த ஊர் ஆத்தூர். கல்யாணமான புதிதில் அப்பா வீட்டு வெற்றிலைக் கொடிக்காலில் இருந்து ஒரு கொடித் துண்டை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்து நட்டாளாம். ஆற்றங்கரை மண்ணில் பிறந்த கொடி. எங்கள் தெரு மண்ணோ உப்பளத்துக்குப் பக்கத்து மண். அரை அடி தோண்டினால் சிப்பி ஓடு வரும், வெயில் காலத்தில் மேலே உப்பு வெள்ளையாகப் பூக்கும். அதில் வெற்றிலை வளர்ப்பது தார் ரோட்டில் நெல் வளர்ப்பதற்குச் சமம். அந்த அம்மாள் எப்படியோ வளர்த்துவிட்டாள். அவள் இறந்துபோன வருடம் இலை சிறுத்து, மஞ்சளாகி, கொடி பாதியாக இறங்கிவிட்டது. அப்போதுதான் இவர் போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்திருக்கிறார்.

வீடியோவில் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மண் என்பது வெறும் மண் அல்ல, கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் இருக்கிற இடம். அவைதான் செடிக்கு ஊட்டிவிடுகின்றன. உப்பு மண்ணில் அவை குறைவு. அதனால் நல்ல மண்புழு உரத்தில் இருக்கிற உயிர்களைத் தண்ணீரில் இறக்கி, தீனி போட்டு, காற்று கொடுத்துப் பெருக்கி, அந்தத் தண்ணீரை வேரில் விட வேண்டும். பார்க்க டிகாக்ஷன் மாதிரி இருப்பதால் அதற்கு டீ என்று பெயர்.

"தாயி, இத நினைச்சா எனக்கே சிரிப்பா வருது. அங்கன இருபத்தி நாலு மணி நேரம் மூடி வச்சா உள்ள உள்ளதெல்லாம் செத்துரும். இங்கன இருபத்தி நாலு மணி நேரம் காத்து குடுத்தா எல்லாம் பொறக்கு."

பத்து நாளைக்கு ஒரு தடவை அந்த டீ நடக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், அது உயிர்களைக் கொன்றுவிடும் என்று இருபது லிட்டர் வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைப்பார். மறுநாள் காலையில் பழைய வேட்டித் துணியில் மண்புழு உரத்தை மூட்டை கட்டி அதில் தொங்கவிடுவார். உடன்குடிக் கருப்பட்டி ஒரு சின்னத் துண்டைக் கரைத்து ஊற்றுவார், அதுதான் தீனி. மீன் தொட்டிக்கு வைக்கிற காற்றுப் பம்பை மாட்டிவிட்டால், குமிழி விட்டுக்கொண்டே ஒரு பகலும் ஓர் இரவும் ஓடும். அந்தச் சத்தம் என் அடுக்களை வரைக்கும் கேட்கும். தனியாக இருக்கிற வீட்டில் அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை.

டீ தேறிவிட்டதா இல்லையா என்று சொல்வதற்கு மீட்டர் கிடையாது. மூக்குதான். நன்றாக வந்திருந்தால் முதல் மழையில் நனைந்த மண்ணின் வாசம் வரும். காற்று போதாமல் கெட்டிருந்தால் நாறும். நாறியதை ஊற்றினால் நல்லது செய்ய வேண்டியது வேரை அழுகவைத்துவிடும். தேறியதையும் வைத்திருக்க முடியாது. பம்பை நிறுத்திய சில மணி நேரத்துக்குள் ஊற்றிவிட வேண்டும். ஆக, மூக்கு இல்லாத மனிதர் ஒருவர் உலகத்தில் மூக்கை மட்டுமே நம்பிச் செய்கிற ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எவர்சில்வர் டம்ளரில் எடுத்துக்கொண்டு கேட்டில் வந்து நிற்பார். தெருவில் போகிறவர்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் எனக்கு டீ போட்டுத் தருகிறார் என்றுதான் நினைத்திருப்பார்கள். நான் மூக்குக்குப் பக்கத்தில் வைத்து இழுத்து முகர்ந்து, "மழை வாசம் வருது அண்ணாச்சி" என்பேன். கக்கத்தில் இருந்து ஒரு நோட்டை எடுப்பார். தேதி, தண்ணீர், உரம், பம்பு ஓடிய நேரம், வாசம் என்று கோடு போட்டுக் கட்டம் கட்டியிருக்கும். கடைசிக் கட்டத்தில் இரண்டு கையெழுத்து. முதல் ஆள், ரெண்டாம் ஆள். என் சம்பள ரசீதில்கூட நான் அவ்வளவு பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டதில்லை.

ஒரு தடவை கெட்டுப்போயிருந்தது. "நாறுது" என்றேன். ஏன், எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபது லிட்டரையும் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டுச் சாக்கடையில் கொட்டி, வாளியைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்துவிட்டு மறுபடியும் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார். இன்னொரு தடவை நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். எதை முகர்ந்தாலும் கருவாடுதான் வந்தது. அதைச் சொன்னேன். "வாசம் போவட்டும், நிக்குதேன்" என்று டம்ளரோடு முக்கால் மணி நேரம் கேட்டிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்றால் வரமாட்டார். ஒற்றையாக இருக்கிற பெண்பிள்ளை வீட்டுக்குள் போகக் கூடாது என்பது அவருடைய இன்னொரு சட்டம். அன்றைக்குப் பிறகு டீ நாளில் நான் கருவாட்டைத் தொட்டதில்லை.

கையெழுத்துக்குக் கூலியாக மாலையில் பத்து வெற்றிலையை நூலில் கட்டிச் சுவர்மேல் வைப்பார். வருடம் திரும்புவதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு இலை வந்திருந்தது. எனக்கு வெற்றிலை போடுகிற பழக்கம் கிடையாது. "எப்படி இருக்கு?" என்பார். "காரமே இல்ல, கரும்பா இருக்கு" என்று சாமி படத்துக்கு முன்னால் வாடிக்கிடக்கும் வெற்றிலையை நினைத்துக்கொண்டு சொல்லுவேன். "ஆத்தூர் வெத்தலல்லா" என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால், நான் சொன்ன பொய்யில் தப்பே இல்லை என்றுதான் தோன்றும். பொய் சொல்லப் பழகியது அங்கேதானோ என்னவோ.

அந்த நாளைப் பற்றி இனியும் சொல்லாமல் இருக்க முடியாது.

கார்த்திகை மாதம். என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் பக்கம் வேலை. ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். கரையை நெருங்கினால்தான் போன். அந்தத் தடவை பதினோரு நாளாகப் பேச்சு இல்லை. பதினோரு நாள் ஒருத்தி எப்படி இருப்பாள் என்பதை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு டம்ளர் அரிசி போட்ட பழக்கத்தில் போட்டுவிட்டு, அதை மூன்று நாள் வைத்துத் தின்பாள். அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காலையில் போன் அடித்தது. திரையில் அவர் முகம் விட்டுவிட்டு வந்தது. அதே நேரம் கேட்டில் குரல்.

"தாயி, ஒரு நிமிசம்."

போனைக் காதில் வைத்தபடியே போனேன். டம்ளரை நீட்டினார்.

"நேத்து மத்தியானம் கரண்டு போயி மூணு மணி நேரம் பம்பு ஓடல. குச்சிய வச்சிக் கிண்டிக்கிட்டேதான் இருந்தேன். நடுவுல கொஞ்சம் கண்ணு அசந்துட்டேன். நல்லா மோந்து பாத்துச் சொல்லு."

டம்ளரை வாங்கினேன். என் காதுக்குள், "கேக்குதா? கேக்குதா?" என்று வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை மோவாய் வரைக்கும் தூக்கினேன். மேலே நுரை இருந்தது. நுரை இருந்தால் நல்லது என்று எங்கோ கேட்ட நினைவு.

"நல்லா இருக்கு அண்ணாச்சி."

அண்ணாச்சி ஒரு விநாடி என்னையே பார்த்தார். "நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு."

நோட்டை நீட்டினார். சுவர்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். யாரு என்று கேட்டார் வீட்டுக்காரர். "பக்கத்து வீட்டு அண்ணாச்சி, டீ கொண்டுவந்தாங்க" என்றேன். சிரித்தோம். நான்கு நிமிடம் பேசியிருப்போம், லைன் போய்விட்டது.

அவசரத்தில் டம்ளரை நான் கையோடு கொண்டுவந்திருந்தேன். கழுவித் திருப்பிக் கொடுக்கலாம் என்று எடுத்தபோதுதான் அந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சந்தேகத்துக்கே இடமில்லாத நாற்றம். பின்கதவைத் திறந்து பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குத்தவைத்து உட்கார்ந்து, கொடியின் அடியில் கடைசி மக் டீயை ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நாலு வாளி நல்ல தண்ணீரை விட்டு மண்ணை அலசியிருப்பார். ஊற்றியாயிற்று, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு டம்ளரைக் கழுவினேன். உண்மையில் அது காரணம் இல்லை. முகர்ந்து பார்க்கவே இல்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்த வாரம் நல்ல மழை. மழை விட்டதும் இலைகள் தொங்க ஆரம்பித்தன. பத்தே நாளில் தண்டின் அடி கறுத்து, தொட்டால் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாரும் மழை என்றார்கள். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, "மழைதான் அண்ணாச்சி" என்றேன்.

"மழையாத்தான் இருக்கும்" என்றார்.

காய்ந்த கொடியை அகத்தியில் இருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து எடுத்தார். அறுத்து இழுத்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு காலைப் பொழுது முழுக்க எடுத்துக்கொண்டார். பம்புச் சத்தம் நின்றுபோனது. நான் அடுக்களையில் நிற்கும்போதெல்லாம் அது நின்றுபோனது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கேட்டில் போய் நின்றேன். இத்தனை நாளில் நான் போய் நிற்பது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, அன்னைக்கி நான் மோந்து பாக்கல. போன்ல இருந்தேன். பாக்காமலே நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். பொறவு பாத்தேன், நாறுச்சு. அப்பவும் சொல்லல."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"டம்ளரு ஓம் மூக்குகிட்ட போவலன்னு எனக்குத் தெரியும் தாயி. நான் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்."

"பின்ன ஏன் ஊத்துனீங்க?"

"ரெண்டாம் ஆளு சரின்னு சொல்லியாச்சு. அதுக்கு மேல முத ஆளு யோசிக்கப்பிடாது. யோசிச்சான்னா அவனால பெட்டிக்குள்ள காலு வைக்க முடியாது."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் உள்ளே போய் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அன்றைய வரியைத் திருப்பிக் காட்டினார். ரெண்டாம் ஆள் கட்டத்தில் என் கையெழுத்தின் மேல் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு. பக்கத்தில் அவருடைய பொடி எழுத்தில், 'ரெண்டாம் ஆள் இல்லை. தனியாகப் பார்த்தது.'

"என்ன அண்ணாச்சி இது?"

"கையெழுத்து இருந்தா அந்த ஆளத்தான் மொதல்ல கேப்பாங்க. ஓம் பேரு இதுல வரப்பிடாது."

"இத இனி யாரு கேக்கப்போறா?"

"அவ கேப்பால்லா" என்றார். "நான் மேல போனதும் மொதக் கேள்வியே கொடி என்னாச்சுன்னுதான் இருக்கும். நான் ஒத்தையில பாத்தேன், கெட்டுப்போச்சுன்னு சொல்லிக்கிடுதேன். நீ சின்னப்பிள்ள. ஓம் வீட்டுக்காரன் கடல்ல கெடக்கான். நீ அந்தப் போன எடுத்ததுதான் சரி."

ஆத்தூருக்குப் போய் வேறு கொடி வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. "அங்கன இப்ப அவ வீட்டுக் கொடிக்கால் இல்ல தாயி, பிளாட்டு போட்டாச்சு" என்று மட்டும் சொன்னார். வாளியை வேலைக்கு வருகிற அம்மாளுக்குக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார்.

மறுநாள் காலையில் ஒரு கையில் டிபன் டப்பாவும் ஒரு கையில் சீப்புமாக, "தாயி, ஒரு நிமிசம்" வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கதவைப் பூட்டினார். வலது கையால் பூட்டை ஓர் இழு இழுத்தார். பிறகு பால் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, இடது கையால் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு இறங்கி நடந்தார்.

நான் வாசலுக்கு ஓடிவந்து, "பூட்டியிருக்கு அண்ணாச்சி" என்று கத்தினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நேரம் தெரு முக்கில் உப்பு லாரி ஒன்று போனது. அந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று இன்றுவரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.